40 யார்டு ஓட்டம், உயரம், எடை: ஒரு ரிசீவரின் டிராஃப்ட் இடத்தை இவை எந்த அளவுக்குத் தீர்மானிக்க வேண்டும்?

வடக்குவாசல் எழுதியது:

2024 மார்ச் மாதம் இண்டியானாபொலிஸில் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பான என்எஃப்எல் கல்லூரி வீரர்களின் உடல்திறனைச் சோதிக்க நடத்திய கம்பைனில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ரிசீவர் (எறியப்படும் பந்தை ஓடிப் பிடிப்பவர்) சேவியர் வொர்தி 40 யார்டு தூரத்தை 4.21 விநாடியில் ஓடினார். 2017 முதல் ஜான் ராஸின் பெயரில் இருந்த 4.22 விநாடிச் சாதனை அதோடு முறிந்தது. வொர்தியின் எடை 165 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 75 கிலோ. உயரம் 5 அடி 11 அங்குலத்துக்குச் சற்று மேல். அணிகள் முறைவைத்துக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணி பஃபலோ பில்ஸுடன் இடம் மாற்றிக்கொண்டு, முதல் சுற்றின் 28-ஆவது தேர்வாக அவரை எடுத்தது.

முதல் பருவத்தில் அவர் 59 பந்துகளைப் பிடித்து 638 யார்டும் 6 டச்டவுன்களும் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது) எடுத்தார். ஈகிள்ஸிடம் 40-22 என்று தோற்ற சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் 157 யார்டும் இரண்டு டச்டவுன்களும் சேர்த்தார். மோசமான கணக்கு அல்ல. ஆனால் உலகமே திரும்பிப் பார்த்த ஓர் ஓட்டத்துக்கு ஈடான கணக்கா என்பதுதான் என் ஐயம். ஒரு ரிசீவரின் உடலளவுகளும் ஓட்ட நேரமும் டிராஃப்டில் அவருடைய இடத்தை எந்த அளவுக்குத் தீர்மானிக்க வேண்டும் என்று நீங்கள் கருதுகிறீர்கள்? வெறும் பெயர்ப் பட்டியலாக இல்லாமல் காரணத்தோடு எழுதினால் நன்றாக இருக்கும்.

பனிக்காற்று எழுதியது:

இந்தக் கேள்விக்கு முதல் சாட்சி ஜான் ராஸ்தான். 4.22 விநாடி ஓடிய அவரை 2017-இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் ஒன்பதாவது தேர்வாக எடுத்தது. அடுத்த இடத்தில் சீஃப்ஸ் எடுத்தவர், பின்னாளில் நட்சத்திரக் குவாட்டர்பேக்காக (பந்தை எறிபவர்) உயர்ந்த பேட்ரிக் மஹோம்ஸ் என்பதை நினைத்தால் இன்றும் பெங்கால்ஸ் ரசிகர்கள் மீது இரக்கம் வருகிறது. முதல் பருவத்தில் ராஸ் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. காயங்கள் தொடர்ந்தன என்பது உண்மை. ஆயினும் இரண்டாம் பருவத்தில் அவர் பிடித்த 21 பந்துகளில் ஏழு டச்டவுன்கள் என்பதைப் பார்க்கும்போது, வேகம் களத்தில் பயன்படவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அந்த வேகத்தைச் சுற்றி ஒரு முழு ஆட்டக்காரர் உருவாகவில்லை என்பதுதான் சரியான விளக்கம்.

இரண்டாவது சாட்சி 2009-இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் எடுத்த டேரியஸ் ஹேவர்ட்-பே. 4.30 விநாடி ஓடிய அவரை அணியின் உரிமையாளர் அல் டேவிஸ் ஏழாவது தேர்வாக எடுத்தபோது, கல்லூரி ஆட்டத்தில் அவரைவிடப் பல மடங்கு சாதித்திருந்த மைக்கேல் கிராப்ட்ரீ இன்னும் எடுக்கப்படாமல் இருந்தார். கிராப்ட்ரீ காலில் எலும்புக் கீறல் இருந்ததால் கம்பைனில் ஓடவே இல்லை. முதல் ஆண்டில் ஹேவர்ட்-பே ஒன்பது பந்துகள் பிடித்தார். கிராப்ட்ரீயோ ஒப்பந்தத் தகராறில் பருவத்தின் தொடக்கத்தை முழுவதும் இழந்து தாமதமாக வந்து, 48 பந்துகள் பிடித்தார். எழுதப்பட்ட நேரம் ஒருவருக்கு இருந்தது, மற்றவருக்கு இல்லை. விலை அந்த வேறுபாட்டுக்கே கொடுக்கப்பட்டது.

குறுக்கோட்டம் எழுதியது:

அந்த நேரம் எப்படி அளக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த விவாதம் முன்னே செல்லாது.

40 யார்டு என்பது 36.6 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பந்தை உதைத்து அனுப்பும் தூரத்தை மனத்தில் வைத்துப் பயிற்சியாளர் பால் பிரவுன் இந்த அளவைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வது வழக்கம். தடகளப் போட்டியைப் போல இதில் துப்பாக்கிச் சத்தம் கிடையாது. ஓடுபவர் தாம் விரும்பிய கணத்தில் புறப்படலாம். அவர் அசைவதைப் பார்த்து ஒருவர் கையால் கடிகாரத்தை முடுக்குவார், முடிவுக் கோட்டில் மட்டும் மின்னணுக் கருவி நேரத்தை நிறுத்தும். ஆகவே எதிர்வினை நேரம் கணக்கில் சேராது. கல்லூரிகள் தம் வளாகத்தில் தாமே நடத்தும் ‘புரோ டே’ நாளிலோ இரு முனையும் பெரும்பாலும் கைக்கடிகாரம்தான். அங்கே நேரங்கள் குறைந்து வருவதில் வியப்பில்லை. ஒருவருடைய கம்பைன் நேரத்தையும் இன்னொருவருடைய புரோ டே நேரத்தையும் அருகருகே வைத்து 0.03 விநாடி வேறுபாட்டைப் பற்றி வாதிடுவது வீண்வேலை.

முழு வேகத்தில் ஓடும் ஒருவருக்கு 0.1 விநாடி என்பது ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம். நெடுந்தொலைவு எறியப்பட்ட பந்தின் கீழ் ஒரு மீட்டர் இடைவெளி என்பது பெரிய சொத்து. ஆனால் ஆட்டத்தில் ஒரு ரிசீவர் நேர்கோட்டில் தடையின்றி 40 யார்டு ஓடும் தருணங்கள் குறைவு. பெரும்பாலும் அவர் பத்துப் பன்னிரண்டு யார்டு ஓடி, வேகத்தைச் சட்டென்று அடக்கி, திரும்பிப் பந்தை எதிர்கொள்ள வேண்டும். அதனால்தான் பயிற்சியாளர்கள் மொத்த நேரத்தைவிட முதல் 10 யார்டு நேரத்தையும், மூன்று கூம்புகளைச் சுற்றி ஓடும் சோதனையையும் உன்னிப்பாகப் பார்க்கிறார்கள். முன்னது புறப்படும் வெடிப்பைக் காட்டும்; பின்னது அடக்கித் திரும்பும் ஆற்றலைக் காட்டும்.

செம்பரிதி எழுதியது:

ஆனால் மெதுவாக ஓடியவர்கள்தானே இந்த ஆட்டத்தின் வரலாற்றையே எழுதியிருக்கிறார்கள்? 2003-இல் 4.72 விநாடி ஓடிய அன்குவான் போல்டின் இரண்டாம் சுற்றுக்குத் தள்ளப்பட்டு, 54-ஆவது தேர்வாக அரிசோனாவுக்குப் போனார். முதல் பருவத்திலேயே 101 பந்துகளும் 1,377 யார்டும் எடுத்தார். கூப்பர் கப் 4.62 விநாடி ஓடினார், மூன்றாம் சுற்றில் 69-ஆவது தேர்வு. 2021-இல் பிடித்த பந்துகள், யார்டு, டச்டவுன் ஆகிய மூன்றிலும் முதலிடம் பெற்றார்: 145, 1,947, 16. பூக்கா நகுவா 2023-இல் ஐந்தாம் சுற்றில் 177-ஆவதாக எடுக்கப்பட்டு, 105 பந்துகளும் 1,486 யார்டும் எடுத்து அறிமுக ஆண்டுச் சாதனைகளை முறியடித்தார். ஆமன்-ரா செயிண்ட் பிரவுனுக்கு முன்னால் 16 ரிசீவர்கள் எடுக்கப்பட்டார்கள். அந்தப் பதினாறு பெயர்களையும் அவர் மனப்பாடமாக ஒப்பிப்பது எல்லோரும் அறிந்ததே. கடிகாரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஆட்டப் பதிவுகளை மட்டும் பார்த்தால் போதும் என்பதே என் நிலைப்பாடு.

எண்ணாயிரம் எழுதியது:

செம்பரிதி அவர்களே, நீங்கள் சொன்ன பெயர்கள் அனைத்தும் உண்மை; ஆனால் அந்தப் பட்டியலிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவு நிற்காது. மெதுவாக ஓடி வென்றவர்களை நாம் நினைவில் வைத்திருக்கிறோம், ஏனென்றால் அவர்கள் வென்றார்கள். 4.65 விநாடி ஓடி, ஆறாம் சுற்றில் எடுக்கப்பட்டு, ஆகஸ்டு மாதத்தில் அணியிலிருந்து நீக்கப்பட்டு, வேறு வேலைக்குப் போய்விட்டவர்களின் பெயர் நம்மில் எவருக்கும் தெரியாது. தோற்ற வேகக்காரர்களின் கதை வேறு: அவர்கள் முதல் சுற்றில் எடுக்கப்பட்டதால் அவர்களுடைய தோல்வி எல்லோருக்கும் தெரியும். ஒரு பக்கம் வெற்றிகள் மட்டும், மறுபக்கம் தோல்விகள் மட்டும் நினைவில் தங்கினால், கடிகாரம் எப்போதும் பொய் சொல்வதாகத்தான் தோன்றும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் இப்போதெல்லாம் ஓடுவதே இல்லை. மார்வின் ஹாரிசன் ஜூனியர் 2024-இல் எந்தச் சோதனையிலும் கலந்துகொள்ளாமலே நான்காவது தேர்வாக எடுக்கப்பட்டார். இழப்பதற்கு நிறைய உள்ளவர் விலகி நிற்கிறார்; நிரூபிக்க வேண்டியவர் ஓடுகிறார். எனவே நம் கையில் உள்ள நேரங்களின் பட்டியல் தொடக்கத்திலேயே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது.

எடையையும் நேரத்தையும் சேர்த்துப் பார்க்க ஒரு பழைய சூத்திரம் உண்டு. பந்தைச் சுமந்து ஓடும் பேக்குகளுக்காக விளையாட்டு எழுத்தாளர் பில் பார்ன்வெல் உருவாக்கியது அது: எடையைப் பவுண்டில் எடுத்து 200-ஆல் பெருக்கி, 40 யார்டு நேரத்தின் நான்காம் அடுக்கால் வகுக்க வேண்டும். ரிசீவர்களுக்கு அதைப் பொருத்திப் பார்த்தேன். கால்வின் ஜான்சன் 239 பவுண்டு, 4.35 விநாடி: ஏறக்குறைய 133. டிகே மெட்காஃப் 228 பவுண்டு, 4.33 விநாடி: 130. ஜான் ராஸ் 188 பவுண்டு: 119. வொர்தி: 105. கூப்பர் கப் 204 பவுண்டு: 90. 2020-இல் 202 பவுண்டு எடையோடு 4.43 விநாடி ஓடிய ஜஸ்டின் ஜெஃபர்சனும் 105.

அதாவது உலகிலேயே வேகமான ரிசீவரும், வேகத்தில் ஐயம் இருக்கிறது என்று சொல்லப்பட்டு 22-ஆவது இடம் வரை காத்திருந்தவரும் இந்தக் கணக்கில் சமம்! 37 பவுண்டு கூடுதல் எடையைச் சுமந்துகொண்டு 4.43 ஓடுவது சாதாரணச் செயல் அல்ல என்பதை இந்தச் சூத்திரம் காட்டுகிறது. அதே சூத்திரம் ராஸை ஜெஃபர்சனுக்கு மேலே வைக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரும்புத்தோள் எழுதியது:

மெட்காஃப் பெயர் வந்துவிட்டதால் அவரைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும். இந்த இழையின் கேள்வி முழுவதும் அவருடைய 2019 டிராஃப்டுக்குள் அடங்கியிருக்கிறது.

6 அடி 3 அங்குலத்துக்கு மேல் உயரம், 228 பவுண்டு எடை, ஏறக்குறைய 35 அங்குலக் கை நீளம், 40.5 அங்குலம் எழும்பும் செங்குத்துத் தாவல், 4.33 விநாடி. இவற்றை மட்டும் பார்த்தால் அவர் முதல் பத்துக்குள் போயிருக்க வேண்டும். ஆனால் அதே நாளில் மூன்று கூம்புச் சோதனையில் 7.38 விநாடி எடுத்துக்கொண்டார். 2000-ஆம் ஆண்டில், வேகத்துக்குப் பெயர் பெறாத குவாட்டர்பேக் டாம் பிரேடி அதை 7.20-இல் முடித்திருந்தார் என்பதைக் கண்டுபிடித்து இணையமே சிரித்தது. கல்லூரியில் அவர் ஓடிய ரூட்டுகளும் (முன்கூட்டி வகுத்த ஓட்டப் பாதைகள்) மிகச் சில வகைகள்தான். அதற்கு முந்தைய பருவம் கழுத்துக் காயத்தால் பாதியில் முடிந்திருந்தது. இவை எல்லாம் சேர்ந்து அவரை இரண்டாம் சுற்றின் கடைசிக்கு, 64-ஆவது தேர்வுக்கு இறக்கின. அவருக்கு முன்பு எட்டு ரிசீவர்கள் எடுக்கப்பட்டார்கள். அவர்களில் இரண்டு இடம் முன்னால் போன ஆண்டி இசபெல்லா 4.31 விநாடி ஓடியவர், 5 அடி 9 அங்குலம் உயரம். அரிசோனாவில் அவர் ஒருபோதும் நிலைபெறவில்லை.

சியாட்டில் அணி மெட்காஃபை எப்படிப் பயன்படுத்தியது என்பதில்தான் விடை இருக்கிறது. வளைந்து நெளிந்து ஓடும் ரூட்டுகளை அவரிடம் அதிகம் கேட்கவில்லை. ஓரத்தில் நிறுத்தி, நேராக ஓடச் சொல்லி, குவாட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனை உயர்த்தி எறியச் சொன்னார்கள். குறை இருக்கிறது என்பதைச் சோதனை சரியாகவே காட்டியது. அந்தக் குறை தேவைப்படாத வேலையைத் தருவதே தம் பொறுப்பு என்று ஓர் அணி புரிந்துகொண்டது. 2021-இல் அவர் உண்மையான 100 மீட்டர் தடகளப் பந்தயத்திலேயே கலந்துகொண்டு 10.36 விநாடியில் ஓடினார். அந்த ஓட்டத்தில் கடைசியாக வந்தாலும், அந்த உடலோடு அந்த நேரம் என்பது தொழில்முறை ஓட்டக்காரர்களே பாராட்டிய ஒன்று.

இதன் மறுபக்கம் ஜூலியன் எடெல்மன். கல்லூரியில் குவாட்டர்பேக்காக இருந்தவர். மூன்று கூம்புச் சோதனையை 6.62 விநாடியில் முடித்தவர். நியூ இங்கிலாந்து அவரை 2009-இல் ஏழாம் சுற்றில், 232-ஆவதாக எடுத்தது. நெருக்கத்தில் சட்டென்று திரும்பும் ஆற்றல் தேவைப்படும் உள்பக்க ஸ்லாட் இடத்துக்கு அந்த ஓர் எண் போதுமானதாக இருந்தது. அதே இடத்தில் அவருக்கு முன்பு ஆடிய வெஸ் வெல்கரை 2004-இல் எவருமே டிராஃப்டில் எடுக்கவில்லை; ஓய்வு பெற்றபோது அவர் பிடித்திருந்த பந்துகள் 903.

செம்பரிதி எழுதியது:

நினைவின் சாய்வு பற்றி எண்ணாயிரம் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் எடை பற்றிய அச்சத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதை 2020-இல் பெற்ற டிவான்டா ஸ்மித் மருத்துவப் பரிசோதனையில் 166 பவுண்டுதான் இருந்தார். அவருக்கு முன்பு அந்த விருதைப் பெற்ற ரிசீவர் 1991-இன் டெஸ்மண்ட் ஹோவர்டு. அப்படிப்பட்டவரைப் பற்றி, காற்றில் பறந்துவிடுவார் என்பதுபோல் எழுதினார்கள். ஈகிள்ஸ் பத்தாவது தேர்வாக எடுத்தது. முதல் இரண்டு பருவங்களிலும் அவர் ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை.

பனிக்காற்று எழுதியது:

ஸ்மித் ஒருவரை வைத்து எடையை ஒதுக்கிவிட முடியாது. ஹூஸ்டன் 2023-இல் மூன்றாம் சுற்றில் எடுத்த டேங்க் டெல், 5 அடி 8 அங்குலம், 165 பவுண்டு. களத்தில் இறங்கிய நாள் முதல் அருமையாக ஆடினார். ஆனால் அந்த ஆண்டு டிசம்பரில், டச்டவுன் கோட்டருகே கூட்டத்துக்குள் தடுப்பு வேலை செய்தபோது மேலே விழுந்தவர்களின் எடையில் கால் எலும்பு முறிந்தது. அடுத்த டிசம்பரில் டச்டவுன் பந்தைப் பிடித்த கணத்தில் சக வீரரோடு மோதி முழங்கால் சிதைந்தது. வொர்தியும் 2025 பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே டிராவிஸ் கெல்ஸியோடு மோதித் தோள்பட்டை விலகி வெளியேறினார்.

குறுக்கோட்டம் எழுதியது:

பனிக்காற்று தந்த உதாரணங்களையே கூர்ந்து பாருங்கள். இரண்டு மோதல்கள் சொந்த அணிக்காரரோடு நிகழ்ந்தவை. கெல்ஸி 250 பவுண்டு எடையுள்ளவர். அந்த வேகத்தில் அவர் மீது மோதினால் 200 பவுண்டு ரிசீவருக்கும் தோள் விலகலாம். கோட்டருகே நடந்த முதல் விபத்தில் மட்டும் எடைக்குப் பங்கு இருக்கிறது என்று நான் ஒப்புக்கொள்வேன், அதுவும் அந்த உடலை அந்தக் கூட்டத்துக்குள் அனுப்பிய திட்டத்தின் பங்கோடு சேர்த்து.

எடை உண்மையிலேயே தேவைப்படும் இடம் வேறு. ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து முதல் ஐந்து யார்டுக்குள், ரிசீவரைக் காவல் காக்கும் எதிரணிக் கார்னர்பேக் அவரைக் கையால் தடுக்கலாம், தள்ளலாம். அதற்கு அப்பால் கூடாது. இந்த வரம்பு 1978-இல் வந்தது. 2004-இல் நடுவர்கள் இதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தத் தொடங்கினார்கள். அந்த வரம்புக்கு முன்பு மெலிந்த ரிசீவர்களைக் களம் முழுவதும் அடித்துத் திசைதிருப்ப முடிந்தது. இன்று அந்த ஐந்து யார்டைத் தாண்டிவிட்டால் போதும். தாண்டுவதற்கு மூன்று வழிகள் உண்டு: வலிமையால் கையைத் தட்டிவிடுவது, கால் அசைவால் ஏமாற்றுவது, அல்லது பயிற்சியாளர் அவரைக் கோட்டிலிருந்து பின்னால் நிறுத்தியோ, பந்து வருமுன் நகரச் செய்தோ அந்தத் தொடுதலையே தவிர்ப்பது. ஸ்மித் இரண்டாவது வழியில் வல்லவர். வொர்திக்கு சீஃப்ஸ் மூன்றாவது வழியைப் பெரிதும் பயன்படுத்தியது. அவருடைய முதல் தொடுதலே பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு சுற்றி ஓடி எடுத்த 21 யார்டு டச்டவுன் என்பது தற்செயல் அல்ல. எடை குறைந்தவரை எடுக்கும் அணி, தன்னிடம் இந்த மூன்றாவது வழியை வகுக்கத் தெரிந்த பயிற்சியாளர் இருக்கிறாரா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேகத்துக்கும் களத்தில் ஒரு மறைமுகப் பயன் உண்டு, அது புள்ளிவிவரத்தில் வராது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வென்ற பாப் ஹேய்ஸ் டல்லாஸ் கௌபாய்ஸுக்கு ஆட வந்தபோது, அவரை ஒருவரால் துரத்த முடியாமல் எதிரணிகள் இடத்தைக் காக்கும் தடுப்பு முறைகளுக்கு மாற வேண்டியிருந்தது. பந்து வராத ஆட்டத்திலும் அப்படிப்பட்டவர் ஒரு சேஃப்டியைத் (பின்வரிசைத் தடுப்பாளர்) தன்னோடு இழுத்துச் சென்றுவிடுகிறார். வொர்தியின் 638 யார்டை மட்டும் பார்ப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. அதே சமயம் ரெனால்டோ நெஹமையாவையும் மறக்க வேண்டாம்: 110 மீட்டர் தடை ஓட்டத்தில் உலக சாதனை வைத்திருந்தவர், 1982 முதல் மூன்று பருவங்கள் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆடி 43 பந்துகளே பிடித்தார். ஹேய்ஸ் ஏற்கனவே கல்லூரிக் கால்பந்து ஆடியவர். நெஹமையா கல்லூரியில் தடகள வீரர் மட்டுமே.

எண்ணாயிரம் எழுதியது:

கடிகாரத்தை எதிர்ப்பவர்கள் ஒருபோதும் பேசாத ஒரு நிகழ்வை இங்கே வைக்கிறேன். 2020-இல் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 21-ஆவது தேர்வாக ஜேலன் ரேகரை எடுத்தது. அடுத்த இடத்தில் மின்னசோட்டா ஜெஃபர்சனை எடுத்தது. ரேகர் ஆட்டப் பதிவுகளில் அதிவேகக்காரராகத் தெரிந்தார். ஜெஃபர்சன் 2019-இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் (எல்எஸ்யூ) பெரும்பாலும் ஸ்லாட்டில் ஆடியதால் வெளிப்பக்கத்தில் பிரிந்து ஓடும் வேகம் இல்லை என்று ஐயப்பட்டார்கள். ஆனால் கம்பைனில் ஜெஃபர்சன் 4.43, ரேகர் 4.47. கண்ணுக்குத் தோன்றியதைக் கடிகாரம் திருத்தியது, அணி கண்ணையே நம்பியது. ஜெஃபர்சன் முதல் பருவத்தில் 1,400 யார்டும், 2022-இல் 1,809 யார்டும் எடுத்தார்.

அதே டிராஃப்டில் முதலில் எடுக்கப்பட்ட ரிசீவர் 4.27 விநாடி ஓடிய ஹென்றி ரக்ஸ். அவருடைய தொழில்வாழ்க்கை 2021 நவம்பரில் களத்துக்கு வெளியே நடந்த கொடிய கார் விபத்தோடு முடிந்துவிட்டதால், அவரை இந்த வாதத்தின் எந்தப் பக்கத்திலும் நிறுத்துவது முறையல்ல.

வடக்குவாசல் எழுதியது:

எதிர்பார்த்ததைவிட நிறையக் கிடைத்தது, அனைவருக்கும் நன்றி. செம்பரிதியின் யோசனைப்படி கடிகாரத்தைத் தூக்கி எறிய எனக்கு இப்போது மனமில்லை, குறிப்பாக ரேகரின் கதைக்குப் பிறகு. 4.4-க்கும் 4.5-க்கும் இடையில் ஓடுபவர்களைப் பொறுத்தவரை நேரத்தை வைத்து வரிசைப்படுத்துவதில் பொருளில்லை என்று கருதுகிறேன். அந்த இடைவெளிக்குள் முதல் 10 யார்டு, ரூட்டில் அடக்கித் திரும்பும் முறை, ஐந்து யார்டுக்குள் கையைத் தாண்டும் வழி ஆகியவையே பேச வேண்டும். 4.3-க்குக் கீழே ஓடுபவருக்குக் கூடுதல் விலை கொடுக்கலாம், ஆனால் அது முதல் பத்துக்குள் அல்ல. ராஸுக்குக் கொடுத்த ஒன்பதாவது இடமும் வொர்திக்குக் கொடுத்த 28-ஆவது இடமும் ஒரே வேகத்துக்குக் கொடுத்த இரு விலைகள். இரண்டாவதில் அணி இழப்பதற்கு அதிகம் இல்லை.

2025-இல் கிரீன் பே பேக்கர்ஸ், 4.29 ஓடிய மேத்யூ கோல்டனை 23-ஆவதாக எடுத்தது. 2002-க்குப் பிறகு அந்த அணி முதல் சுற்றில் எடுத்த முதல் ரிசீவர் அவர். அவரும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவரே, ஆனால் வொர்தியைவிடக் கனமான உடல். குறுக்கோட்டம் சொன்ன மூன்று வழிகளில் அவர் எதைப் பயன்படுத்துகிறார் என்று ஆட்டப் பதிவுகளைப் பார்த்தவர்கள் எழுதுங்கள். டேவான்டே ஆடம்ஸ் 4.56 ஓடி இரண்டாம் சுற்றில் அதே அணிக்கு வந்து, கோட்டைவிட்டுப் புறப்படும் கலையில் பல ஆண்டுகள் ஆட்சி செய்தவர் என்பதால், அங்குள்ளவர்களுக்கு அந்த வேறுபாடு மற்றவர்களைவிட எளிதில் புலப்படும்.